பின்பாதி முதலில்

எங்கள் அடுக்குமாடியின் படிக்கட்டில் புதிதாக ஒரு விளக்கு மாட்டியிருக்கிறார்கள். ஆள் வந்தால் தானாக எரியும், போனால் தானாக அணையும். கரண்டு மிச்சமாம். படியில் காலை வைத்ததுதான் தாமதம், பட்டென்று வெள்ளை வெளிச்சம் வந்து ஆளைக் கையும் களவுமாகப் பிடித்துவிடும். போன வாரம் கறிவேப்பிலை வாங்கிக்கொண்டு ஏறும்போது நானும் அப்படித்தான் பிடிபட்டேன். நின்று சுவரைப் பார்த்தேன். என் நிழலைக் காணோம். குனிந்து பார்த்தால் காலடியில் அழுக்குத் துணி மாதிரி கொஞ்சமாகக் கிடந்தது.

அறுபதைத் தாண்டியவன் படியில் நின்று நிழலைத் தேடினால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? எதிர்வீட்டு ஐ.டி. பையன், "அங்கிள், எதுனா விழுந்துடுச்சா?" என்று கேட்டான். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். நல்ல பையன்தான். ஆனால் அவனிடம் ஒரு பழைய ஜெர்மன் படத்தைப் பற்றி எங்கிருந்து ஆரம்பிப்பது? உங்களிடம் சொல்லலாம். நேரமில்லாத ஆளாக இருந்தால் இதற்குள் பக்கத்தைப் புரட்டியிருப்பீர்கள்.

படத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் உடனே போனில் தேடி முதலிலிருந்து பார்த்துவிடுவீர்கள். அதை முதலிலிருந்து பார்ப்பதில் ஒரு சங்கடம் இருக்கிறது.

நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்களுக்கு ஒரு திரைப்படக் கழகம் இருந்தது. சிரிக்காதீர்கள், நிஜமாகவே இருந்தது. லேத் ஓட்டுகிறவர்கள், பிரஸ் ஷாப்காரர்கள், என்னைப் போல ஸ்டோர்ஸில் உட்கார்ந்து நட்டு போல்ட்டுக்குச் சீட்டு எழுதுகிறவர்கள் எல்லோரும் சேர்ந்து நடத்தியது. ஒரு தொழிற்சங்கம் தன் கூடத்தைச் சனிக்கிழமை மத்தியானங்களில் இரவல் கொடுத்தது. மேலே ஆஸ்பெஸ்டாஸ், ஜன்னல்களுக்குப் பழைய தார்ப்பாய். உள்ளே போனால் கட்டிங் ஆயில் வாசனையும், சட்டை வியர்வையும், புரொஜெக்டர் பல்பில் தூசி கருகுகிற வாசனையும் சேர்ந்து அடிக்கும். இன்றைக்கும் வீட்டில் மிக்சி சூடாகித் தூசி கருகினால் நான் அந்தக் கூடத்துக்குப் போய்விடுகிறேன். "மிக்சிய அணைங்க" என்று மனைவி கத்துவது அப்புறம்தான் காதில் விழும்.

கழகத்துக்குச் செயலாளர், ஆபரேட்டர், கூடத்தைப் பெருக்குகிறவர் எல்லாம் தயாளன்தான். தொழிலில் ஃபிட்டர். நகரத்தில் ஜெர்மன்காரர்கள் வைத்திருந்த கலாசார மையத்திலிருந்து படச்சுருள் பெட்டிகளை இரவல் வாங்கி, பச்சைக் குழந்தையைத் தூக்கிவருகிற மாதிரி மடியில் வைத்துக்கொண்டு டிரெயினில் வருவார். பேசாத படங்கள். நடுநடுவே ஜெர்மன் எழுத்து வரும். அதற்கு ஆங்கிலத்தில் டைப் அடித்த தாள் ஒன்று கொடுத்தனுப்புவார்கள். தயாளன் அதை வைத்துக்கொண்டு மைக்கில் எங்களுக்குத் தமிழில் சொல்வார். திரையில் ஒரு வெள்ளைக்காரி கண்ணை மூடி நெஞ்சில் கை வைப்பாள். தயாளன் குரல் வரும்: "இன்னாத்துக்கு என்னை உட்டுட்டுப் போறேன்னு கேக்குது." யாரும் சிரிக்க மாட்டோம். கேட்க வேண்டிய கேள்விதானே.

மாலையில் கூடம் சங்கத்துக்கு வேண்டும் என்பதால் படம் இரண்டு மணிக்கே தொடங்கிவிடும். சனிக்கிழமை அரை நாள் வேலை பார்க்கிற என் போன்றவர்கள் நேரத்துக்கு வந்துவிடுவோம். முதல் ஷிஃப்ட்காரர்களுக்கு மூன்று மணிக்குத்தான் சங்கு ஊதும். அவர்கள் கையைக் கழுவிக்கொண்டு ஓடிவருவதற்குள் பாதிப் படம் முடிந்திருக்கும். அவர்கள் வயிற்றெரிச்சல் நமக்கெதற்கு என்று கழகத்தில் ஒரு வழக்கம் வைத்திருந்தோம். பின்பாதி முடிந்ததும் முன்பாதியை அவர்களுக்காக இன்னொரு தரம் ஓட்டுவது. அதற்கு மறுசுற்று என்று பெயர். ஆக, முதல் ஷிஃப்ட்காரர்கள் எந்தப் படத்தையும் பின்பாதியை முதலில், முன்பாதியைக் கடைசியில் என்றுதான் பார்த்தார்கள். கொலைகாரன் மாட்டிக்கொண்ட பிறகு கொலையைப் பார்ப்பார்கள். ஒருவரும் குறை சொன்னதில்லை. "முடிவு தெர்ஞ்சிட்டா நிம்மதியா பாக்கலாம் மாமே" என்றுதான் சொன்னார்கள்.

என் அண்ணி முதல் ஷிஃப்ட். ரேடியோவுக்குப் பாகம் செய்கிற ஒரு சின்னக் கம்பெனியில் வேலை.

அண்ணனைப் பற்றியும் சொல்லிவிட வேண்டும். அவனை விட்டுவிட்டு இந்தப் படத்தைப் பற்றிப் பேச எனக்குத் தெரியாது. எங்கள் அப்பா செம்பரம்பாக்கம் ஏரித் தண்ணீரில் அடுத்தவர் நிலத்தை உழுதவர். அண்ணன்தான் எங்கள் குடும்பத்தில் முதல்முதலாகக் கம்பெனிக்குப் போய்ச் சீருடை போட்டவன். அந்தக் காக்கிச் சட்டையை அவன் கல்யாணப் பட்டுச் சட்டையைவிட ஒழுங்காக மடித்து வைப்பான். ஒரு வருஷம் அந்தக் கம்பெனியைக் கதவடைத்துவிட்டார்கள். மாதக்கணக்கில் வாசலில் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒன்றும் நடக்கவில்லை. குஜராத் பக்கம் ஒரு கான்ட்ராக்டர் ஆள் எடுக்கிறான் என்று அண்ணன் கிளம்பினான். "பொங்கலுக்கு வந்துருவேன்" என்றான். என்னிடம் சைக்கிளைக் கொடுத்து, "செயினுக்கு எண்ணெ போட்டுகினு இரு" என்றான். எனக்கு அவன் கடைசியாகச் சொன்னது அதுதான்.

அந்தப் பொங்கலுக்கு வரவில்லை. அடுத்த பொங்கலுக்கும் இல்லை. சூரத்தில் பார்த்ததாக ஒருவன் சொன்னான், அது அவனில்லை என்று இன்னொருவன் சொன்னான். நான் போனேன். பாஷை தெரியாமல் போட்டோவை நீட்டி நீட்டித் திரிந்தேன். அவன் வேலை செய்த இடத்தில் கான்ட்ராக்டர், ஆட்கள் எல்லாம் மாறியிருந்தார்கள். அங்கேயும் இங்கேயும் போலீசில் எழுதிக் கொடுத்தோம். அம்மா வாராவாரம் மாங்காட்டு அம்மனிடம் போய் நின்றாள். அரக்கோணத்திலிருந்து அண்ணியின் வீட்டார் வந்து, புள்ளையும் இல்லை குட்டியும் இல்லை, எங்களோடு வந்துவிடு என்று கூப்பிட்டார்கள். அண்ணி போகவில்லை. "அவரு வந்து நின்னா நான் இங்க இருக்க வாணாமா?" என்று கேட்டாள். அவர்கள் திரும்பிப் போனார்கள். அம்மாவும் அண்ணியும் நானுமாகப் பட்டாபிராம் வீட்டில் இருந்தோம்.

அப்படி இருந்த நாளில்தான் ஒரு சனிக்கிழமை அண்ணியை நான் கழகத்துக்குக் கூப்பிட்டேன். ஷிஃப்ட் முடித்துக் கையில் டிபன் பாக்ஸோடு வந்து, பின்வரிசையில் பெண்களோடு உட்கார்ந்தாள்.

படம் இதுதான். ஒரு நதிக்கரை ஊர். நாயகி ஒரு சலவைக்கூடத்தில் நாள் முழுக்க இஸ்திரி போடுகிறவள். புருஷன் சரக்குப் படகில் போகிறவன். வீடு ஓர் உயரமான பழைய கட்டடத்தின் உச்சியில், வளைந்து வளைந்து ஏறுகிற மரப்படிக்கட்டுக்கு மேலே. முன்பாதியில் போனவன் திரும்பி வருகிறான். சேர்ந்து ரொட்டி தின்கிறார்கள், பக்கத்து வீட்டுக் கல்யாணத்தில் ஆடுகிறார்கள். பின்பாதியில் மறுபடி படகில் போகிறான். நதி உறைகிறது. வரவில்லை. மொத்தக் கதையும் இவ்வளவுதான், நம் ஊர்த் தயாரிப்பாளரிடம் சொன்னால் டீ கூட வாங்கித் தர மாட்டார்.

ஆனால் அந்த இயக்குநர் அதை எடுத்த விதம் இருக்கிறதே! காமிராவைப் படிக்கட்டின் மேல்முனையில் வைத்துவிட்டு ஆள் எங்கேயோ போய்விட்டார் போல. அது அசையாது. எதிரே காரை பெயர்ந்த சுவர். கீழே விளக்கு. யார் ஏறி வந்தாலும் நிழல்தான் முதலில் வரும். விரல் வரும், தொப்பி வரும், தோள் வரும். சுவரை அடைத்துக்கொண்டு ராட்சசனாக நிற்கும். அப்புறம் ஏற ஏறச் சிறுத்து, கடைசியில் சாதாரண மனுஷன் ஒருவன் மூச்சு வாங்கிக்கொண்டு வந்து நிற்பான். வருகிறவன் யாரென்று நிழலை வைத்து நாயகிக்குத் தெரியும். கொஞ்ச நேரத்தில் நமக்கும் தெரிந்துவிடுகிறது. தலைக்கு மேல் கூடையோடு வந்தால் ரொட்டிக்காரி, கூன் விழுந்து வந்தால் வீட்டுச் சொந்தக்காரர், இடப்பக்கத் தோள் தாழ்ந்து வந்தால் புருஷன்.

அழுகிற முகத்தை அந்த ஆள் காட்டவே மாட்டார். அழும்போது முதுகு, சிரிக்கும்போது கை. புருஷன் வந்ததும் கட்டிப்பிடிக்க மாட்டான். நனைந்த தொப்பியைக் கழற்றிச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டுவான். அவர்கள் இருவரும் நகர்ந்து போய்விடுவார்கள், காமிரா போகாது. தொப்பியிலிருந்து தண்ணீர் சொட்டுவதையே பார்த்துக்கொண்டிருக்கும். பின்பாதியில் அதே இடம், அதே நேரம், அதே ஆணி. தொப்பி இல்லை. இரண்டு பாதியும் அதே படிக்கட்டில்தான் தொடங்குகின்றன. அதனால்தான் எங்கள் மறுசுற்றில் மாற்றி ஓட்டியும் அந்தப் படம் உடையவில்லை. பிற்பாடு அதே இயக்குநரின் வேறு இரண்டு படங்கள் பார்த்தேன். அவற்றிலும் அந்தப் படிக்கட்டு! ஒரே படிக்கட்டை வைத்து மனுஷன் காலம் தள்ளியிருக்கிறார்.

கடைசிக் காட்சியில் ஒரு நிழல் ஏறி வரும். இடத்தோள் தாழ்ந்துதான் வரும். அவள் எழுந்து நிற்பாள். நிழல் சிறுத்துச் சிறுத்து, பால்குவளை தூக்கிவந்த யாரோ ஒருவனாகி, அவளைக் கடந்து எதிர்வீட்டுக்குப் போய்விடும். விளக்கு அணையும். ஆனால் சுவரில் படிக்கட்டுக் கிராதியின் நிழல் மட்டும் அப்படியே நிற்கும். அந்தக் காலத்தில் செட்டில் நிழலைப் பெயிண்டால் வரைந்துவிடுவார்களாம். "பெயிண்டு நிழலு மாமே, வெளக்க அணைச்சா எங்க போவும்? டைரக்டரு கவனிக்கல" என்றார் தயாளன். இல்லை, தெரிந்தேதான் விட்டிருக்கிறார் என்றேன் நான். இன்றுவரை எனக்கு அதில் சந்தேகமில்லை.

நான் அந்த வரைந்த நிழலோடு கூடத்தை விட்டு வெளியே வந்து டீக்கடையில் நின்றேன். அண்ணி உள்ளே மறுசுற்றில் இருந்தாள். அவளைப் போய் இந்தப் படத்துக்குக் கூட்டிவந்தோமே என்று மனம் அடித்துக்கொண்டது. முடிந்து வெளியே வந்தவளைப் பார்த்தால், முகம் கழுவிய மாதிரி இருந்தாள்.

அம்பத்தூரில் ஏறி, கூட்டத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். "ரொம்ப சோகமான படம் அண்ணி" என்றேன்.

"இன்னா சோகம்? வந்துட்டான்ல?"

"அது முன்பாதி அண்ணி. அப்புறம் போயிடறான்."

"அதெல்லாம் போனான், பாத்தேன். அப்பறம் வந்துட்டான். தொப்பிய மாட்டினான்."

ஆவடி வரைக்கும் விளக்கிப் பார்த்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள். எதை முதலில் ஓட்டினோம் என்பது அவளுக்குக் குழம்பிவிட்டது என்று முடிவு செய்து, நானும் விட்டுவிட்டேன்.

எங்கள் பட்டாபிராம் வீடு ஒரு முட்டுச்சந்தின் கடைசி வீடு. வாசலில் உட்கார்ந்தால் தெரு தெரியாது, சந்தை அடைத்துக்கொண்டு நின்ற ஒரு குடோனின் வெள்ளைச் சுவர் மட்டும்தான் தெரியும். சந்து திரும்புகிற இடத்தில் விளக்குக் கம்பம். ஸ்டேஷனிலிருந்து வருகிறவர்கள் கம்பத்தைத் தாண்டினால் அவர்கள் நிழல் முதலில் அந்தச் சுவரில் வந்து பெரிதாக விழும், அப்புறம் ஆள் வருவார். பிறந்ததிலிருந்து அங்கே இருந்தும் நான் அதைக் கவனித்ததே இல்லை. படம் பார்த்த மறுநாளே அண்ணி கவனித்துவிட்டாள்.

அதன் பிறகு சாயங்காலமானால் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அரிசி புடைத்தபடியோ கீரை ஆய்ந்தபடியோ சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுவாள். பட்டாபிராமில் ஆறு மணிக்குக் கதவைத் திறந்து வைக்கிறவனைப் பைத்தியக்காரன் என்பார்கள். கொசு ஆளைத் தூக்கிக்கொண்டு போகும். அம்மா திட்டுவாள், பிற்பாடு என் மனைவி முணுமுணுத்தாள். அண்ணி ஒரு தட்டில் வேப்பிலைப் புகை போட்டுக்கொண்டு கதவை மட்டும் சாத்த விடமாட்டாள். "பால்காரரு", "வாத்தியாரு ஊட்டு மருமவ", "தம்பி சைக்கிள உருட்டிகினு வருது" என்று ஆள் வருவதற்கு முன்பே அம்மாவுக்குச் சொல்வாள். ஒருமுறைகூடத் தப்பியதில்லை.

ஒருமுறை தப்பியது. நான் கூடவே உட்கார்ந்திருந்தேன். அண்ணன் எப்போதும் டிபன் பையை இடக்கையில் தொங்கவிட்டு அந்தப் பக்கமே சாய்ந்து நடப்பான். அப்படியே ஒரு நிழல் சுவரில் ஏறியது. அண்ணி மடியிலிருந்த முறம் கீழே விழ எழுந்து நின்றாள். நானும் எழுந்தேன். நிழல் சிறுத்தது. யாரோ ஒருவர் சூட்கேஸோடு வந்து, மிலிட்டரி சைடிங் ஸ்டேஷனுக்கு எப்படிப் போவது என்று கேட்டார். அண்ணிதான் வழி சொன்னாள். பொறுமையாக, கையை நீட்டி, இரண்டு தரம் சொன்னாள். அப்புறம் சிந்திய அரிசியைப் பொறுக்க உட்கார்ந்தாள். எனக்கு அவள் முதுகுதான் தெரிந்தது.

இப்படியே வருஷங்கள் ஓடின. அம்மா போய்விட்டாள். தயாளனும் போய்ச் சேர்ந்தார், கழகம் அவரோடு முடிந்தது. எனக்குப் பெண் பிறந்து, அவளும் ஐ.டி. வேலைக்குப் போக ஆரம்பித்தாள். எங்கள் சந்தில் ஒவ்வொரு வீடாக அடுக்குமாடிக்குக் கொடுத்தார்கள். குடோனையும் வாங்கிவிட்டார்கள். பாக்கி எங்கள் வீடுதான். மழை வந்தால் கூடத்தில் பாத்திரம் வைக்கிற நிலைமை. அப்படியும் அண்ணி ஒப்பவில்லை. அவளை மீறிச் செய்ய எனக்கு மனமில்லை. "எல்லாத்தையும் இட்ச்சிட்டா அவருக்கு இன்னா அடையாளம் கீது?" என்பாள். பில்டரின் ஆள் மாதத்துக்கொரு தரம் வந்து, அண்ணியின் நிழல் ஜோசியத்துக்குப் பயந்து சந்து முனையிலேயே என்னைப் பிடித்துப் பேசுவான்.

மூன்று வருஷத்துக்கு முன்னால் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் என் பெண், "அப்பா, நீ சொல்வியே அந்த ஜெர்மன் படம், சுத்தம் பண்ணிப் புதுசா போட்டிருக்காங்க" என்று டி.வி.யில் எடுத்தாள். வாசலோரம் உட்கார்ந்திருந்த அண்ணி திரும்பினாள். இத்தனை வருஷமும் ஆணியில் மாட்டிய அந்தத் தொப்பியைப் பிடித்துக்கொண்டுதான் அவள் காலம் தள்ளியிருக்கிறாள் என்று நினைத்திருந்தேன். இப்போது முறையாகப் பார்த்தால் கடைசியில் இருப்பது காலிச் சுவர். "அது எதுக்கும்மா இப்ப, வேற எதாச்சும் போடு" என்றேன்.

"பின்பாதிய முதல்ல போடு" என்றாள் அண்ணி.

"பெரிம்மா, கதையே புரியாது."

"எனக்குப் புரியும். போடு."

போட்டாள். கீறல் இல்லை, புகை இல்லை, நேற்று எடுத்தது போல இருந்தது. மைக்கில் தயாளன் இல்லாததுதான் குறை. காலி ஆணி வந்தது. எங்கள் பழைய பிரதியில் தெரியாத ஒன்று இப்போது தெரிந்தது. ஆணிக்குக் கீழே, முன்பாதியில் தொப்பி சொட்டிய இடத்தில், சுவரில் ஒரு தண்ணீர்க் கறை. "கறை கீது பாரு தம்பி" என்றாள் அண்ணி. அதையும் யோசித்து வைத்திருக்கிறான் அந்தப் படுபாவி. பால்குவளைக்காரன் கடந்து போனான். விளக்கு அணைந்தது. கிராதியின் நிழல் நின்றது. அண்ணியைப் பார்க்கத் தைரியமில்லாமல் ரிமோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பிறகு முன்பாதி. இடத்தோள் தாழ்ந்த நிழல் வந்தது, சிறுத்தது, அவனேதான். அவன் தொப்பியை மாட்டியதும், "போதும்மா, நிறுத்து" என்றாள். திரையில் தண்ணீர் சொட்டுவது பாதியில் நின்றது.

"அன்னிக்கும் தெரியும் தம்பி" என்றாள். "எது முன்னாடி எது பின்னாடின்னு தெரியாதவளா நானு? நீ அந்தக் காலிச் சுவத்தோட ஊட்டுக்கு வந்தே. நான் இத்தோட வந்தேன். எதுனா ஒண்ணோட வந்துதான ஆவணும்?"

அப்புறம் என் பெண்ணிடம், "கதவ சாத்தும்மா, கொசு வருது" என்றாள்.

எழுந்துபோய்ச் சாத்திய என் பெண்ணுக்கு ஒன்றும் தெரியாது. கொசுவுக்காகச் சாத்தினாள். நான் எழுந்து பின்கட்டுக்குப் போய்க் குழாயைத் திறந்து வைத்துக்கொண்டு அழுதேன். மறுநாள் காலை காப்பி கொடுக்கும்போது, "அந்த பில்டரு ஆளு வந்தா சரின்னு சொல்லிடு" என்றாள் அண்ணி.

கட்டி முடிகிறவரை பூந்தமல்லியில் வாடகைக்கு இருந்துவிட்டு, இப்போது வந்துவிட்டோம். எல்லாம் புதிது. குடோன் சுவர் இருந்த இடத்தில் கார் நிறுத்துகிறார்கள். சந்து முனையில் பழைய கம்பம் போய், பகல் மாதிரி வெளிச்சம் போடுகிற விளக்கு வந்துவிட்டது. அதில் யாருக்கும் நிழல் முன்னால் போவதில்லை. அம்பத்தூரில் எங்கள் கூடம் இருந்த இடத்தில் பார்சல் கம்பெனியின் கிடங்கு. ஒருநாள் போய் எட்டிப் பார்த்தேன். வாசலில் இருந்தவர் "இன்னா சார் வேணும்?" என்று கேட்டார். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன்.

அண்ணி காத்திருந்தது ஊருக்கே தெரியும். அரக்கோணத்துக்காரர்கள், அம்மா, சந்துக்காரர்கள் எல்லோரும் அதைப் பேசினார்கள், அழுதார்கள். அவன் எனக்கும் அண்ணன்தான். என்னை யாரும் கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. அந்தச் சைக்கிளுக்கு இன்னும் எண்ணெய் போட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். புது வீட்டில் அதை நிறுத்த இடமில்லை என்று பால்கனியில் வைத்திருக்கிறோம்.

சாயங்காலம் அண்ணி சோபாவில் உட்கார்ந்து டி.வி. பார்க்கிறாள். கதவு சாத்தியிருக்கும். யாராவது ஏறி வந்தால் அந்தப் படிக்கட்டு விளக்கு பட்டென்று எரியும், கதவின் அடியில் வெளிச்சம் ஒரு கோடாகத் தெரியும். அண்ணி திரும்புவதில்லை. நான்தான் திரும்பிப் பார்க்கிறேன்.